மணி அடிக்கும்வரை தமிழ் கிடையாது

நவம்பர் 8

இரண்டாவது முறையும் பேச்சுத் தேர்வில் கோட்டை விட்டேன். வாசிப்பு, எழுத்து, கேட்டல் எல்லாம் தேறியாகிவிட்டது. லண்டன் பக்கம் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் பேச்சும் தேற வேண்டும். வாயாடி என்று நாகர்கோவில் முழுக்கப் பெயர் வாங்கியவள் நான். வின்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஹெப்சி, ஒன்னப் பேச்சுல ஃபெயிலாக்குன ஆளு யாருட்டி? அவனுக்கு ஒரு மால வாங்கிப் போடணும்."

கட்டின புருஷன் பேசுகிற பேச்சா இது.

கோச்சிங் சென்டரில் ஞானதாஸ் சார் என் பதிவைப் போட்டுக் கேட்டார். நோயாளியாக நடித்த பெண்ணிடம் நான், "யூ ஆர் வெரி வெரி பிரேவ், திஸ் இஸ் டூ குட்" என்கிறேன். சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"'டூ'ன்னா அளவு மீறிப் போச்சுன்னு அர்த்தம். நல்லதுக்கு எதுக்கும்மா 'டூ' போடுத? வெள்ளக்காரன் காலு முறிஞ்சு கெடந்தாலும் 'எ பிட் சோர்'னுதான் சொல்லுவான். நீங்க எறும்பு கடிச்சா 'டெரிபிளி பெயினிங்'னு சொல்லுதிய. பாதியாக் கொறைங்க. கொறைச்சதுக்கு அப்புறம் இன்னும் பாதியாக் கொறைங்க."

தினம் ஒரு குறிப்பு எழுத வேண்டும், இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றும் சொன்னார். எழுதுகிறேன். ஆனால் திட்டுவதற்குத் தமிழ்தான் தோது.

நவம்பர் 10

எனக்கு ஜோடி கிடைத்துவிட்டது. பெயர் பிலோமினா. மணப்பாட்டுக்காரி, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நர்சிங் படித்தவள்தான். இப்போது இங்கிலாந்திலேயே ஒரு குன்றுப்பக்கத்து வீட்டில் தங்கி, மிஸஸ் ஹாலம் என்ற வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவளும் இதே தேர்வு எழுதி நர்ஸாகப் பதிய வேண்டும். நமக்கு மாலை நாலு மணி, அங்கே காலை வேளை. அந்த அம்மா காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் கண்ணயரும் நேரம்.

சாரின் விதி இது. ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். நோயைத் தானே கற்பனை செய்துகொள்ள வேண்டும். மணி அடித்துத் தொடங்கி, மணி அடித்து முடிக்க வேண்டும். நடுவில் வானமே இடிந்தாலும் ஒரு தமிழ் வார்த்தை வரக் கூடாது, வேடம் கலையக் கூடாது. வகுப்பில் மேசை மணி இருக்கிறது. வீட்டில் நான் சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறேன்.

பிலோ அக்காவின் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். கேட்கவே ஆறுதலாக இருந்தது. "ஐ ஆம் வெரி மச் பெயின் நர்ஸ், ஃபுல்லி டையிங்" என்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மணி அடித்ததும் திருத்தினேன். 'எ பிட்', 'எ லிட்டில்', 'ராதர்'. பாடம் கேட்கும் குழந்தை மாதிரித் திரும்பச் சொன்னாள்.

பிரின்சிபால் ஆகிவிட்ட மாதிரி ஒரு மிதப்பு எனக்கு.

நவம்பர் 13

மழை. துணி காயவில்லை. டூட்டி யூனிஃபார்மை மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன்.

பாடம் தொடங்குமுன் பிலோ அக்கா வீட்டுக்கதை பேசினாள்.

"ஏட்டி ஹெப்சி, குளிரு எலும்புக்குள்ள எறங்குது. ஹாலுச் செவுத்துல ஒரு ஓட்ட வெச்சு வல அடிச்சிருக்கானுவ. காத்து ஊசியாட்டம் வருது. அந்த அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்கு, பாவம் நடுங்குது. எனக்க பழைய நைலக்ஸ் சேலையக் கிழிச்சு நல்லாத் திணிச்சிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுனிய. யாரு வெச்சா ஓட்ட? குளிரு நாட்டுல புத்தி கெட்டவன் எவனோ."

"அந்த அம்மா 'தேங்க் யூ, டியர்'னு கையப் புடிச்சிக்கிச்சு."

ஹாலில் கேஸில் எரியும் ஹீட்டர் ஒன்று உண்டாம், சுவரோடு சேர்த்து. முன்பக்கம் நெருப்புத் தெரியும்.

பிறகு டம்ளர், கரண்டி, இங்கிலீஷ். இன்று அவள் முதுகுவலி நோயாளி. பரவாயில்லை.

நவம்பர் 17

தொடர்ந்து இரவு டூட்டி. தூக்கம் கெட்டதில் வின்ஸோடு சண்டை. காரணம் தோசைக்கு அரைத்த தேங்காய்ச் சம்மந்தியில் உப்பு.

'குவைட்' எங்கே வரும், எங்கே வராது என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். 'குவைட் குட்' என்றால் பாராட்டு இல்லையாம், சுமார்தானாம். வார்டில் எத்தனை டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்!

நவம்பர் 20

அக்கா வீட்டுக் கிளி செத்துவிட்டது. மிஸஸ் ஹாலம் ஆசையாக வளர்த்த சின்ன மஞ்சள் கிளி. காலையில் பார்த்தால் கூண்டுத் தரையில் கிடந்ததாம்.

"குளிருதான் கொன்னிருக்கு. கதவுக்கு அடியிலயும் துண்ட மடிச்சு வெச்சிட்டேன். இப்ப ஹாலு கதகதன்னு இருக்குட்டி. ஜன்னல் கண்ணாடில உள்பக்கமா தண்ணி வழியுது, அவ்ளோ சூடு. எனக்க மாடி ரூம்புதான் ஐஸ்பெட்டி, அந்த ஜன்னலு மூடவே மாட்டேங்கு."

"ஒங்களுக்கும் ஒரு ஹீட்டர் கேளுங்க."

"கேக்கணும். ஹாலு செவுத்து மேல ஒரு வெள்ள டப்பா வேற, நாலு நாளா கீ கீன்னு கத்துது. அந்த அம்மாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது, காதப் பொத்திக்கிட்டு அழுது. கழட்டித் துணில சுத்தி மாவு டப்பாவுக்குள்ள போட்டேன். அப்பறம்தான் நிம்மதி."

கிளிக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு மணியடித்தேன். இன்றைய நோயாளிக்குத் தலைவலி. "ஐ ஹேவ் எ ஸ்லைட் ஹெடேக், நர்ஸ்." 'ஸ்லைட்'! நான் சொல்லிக்கொடுக்காமலே! கைதட்ட வேண்டும்போல இருந்தது. வேடம் கலையக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 23

நேற்று நோயாளிக்கு 'ராதர் ஸிக்'. இன்று 'ஃபேர்லி டிஸ்ஸி'. ஒரே நோயை நாலு நாளாக வளர்த்துக்கொண்டு போகிறாள். நானானால் தினம் ஒரு நோயைப் பிடித்து, தினம் மாட்டிக்கொள்வேன். மணப்பாட்டுக்காரிக்குள் இப்படி ஒரு நடிகை ஒளிந்திருந்தாளா!

நான் நர்ஸாகக் கேட்டேன், வலி எப்போது குறைகிறது என்று. அவள் யோசித்து, மெதுவாக, "இட் கோஸ் அவே கம்ப்ளீட்லி, நர்ஸ், வென் ஐ வாக் டு த ஷாப்" என்றாள்.

மணி அடித்ததும் சொன்னேன். "கடைக்குப் போனா எனக்குந்தான் எல்லா வலியும் போவும் அக்கா. ஆனா 'கம்ப்ளீட்லி'ய நல்ல எடத்துல வெச்சிய."

"ஆமாட்டி," என்றாள். சிரிப்பு சற்றுத் தாமதமாக வந்தது. லைன் சரியில்லை என்று நினைக்கிறேன்.

வைக்கும்போது ஹீட்டர் நெருப்பைப் பற்றிச் சொன்னாள். முன்பு நீலமாக எரியுமாம், இப்போது மஞ்சளாக, உயரமாக எரிகிறதாம். கோயில் மெழுகுதிரி மாதிரி அழகாக இருக்கிறதாம். அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

நவம்பர் 25

டூட்டி, மழை, டூட்டி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 28

பிலோ அக்கா இன்று சந்தோஷமாக இருந்தாள். மிஸஸ் ஹாலம் இரண்டு நாளாகத் தூங்கி விழுவதால் டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தாளாம். முன்பெல்லாம் இவள் பேசினால் எதிர்ப்பக்கம் "பார்டன்? பார்டன்?" என்றே கேட்பார்களாம். இன்று ஒரே தடவையில் புரிந்துகொண்டார்களாம்.

"என்ன சொன்னிய?"

"நீ சொல்லித்தந்த மாதிரிதான். 'ஷி இஸ் எ லிட்டில் ஸ்லீப்பி, ராதர் கொயட்'னு. அந்தப் பிள்ள எவ்ளோ மரியாதயாப் பேசுச்சு தெரியுமா! தண்ணி குடுங்க, கூடுனா திரும்பக் கூப்புடுங்கன்னு வெச்சிட்டா. முன்னயெல்லாம் நா கத்துவேன், அவளுவ பயப்படுவாளுவ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வின்ஸிடம் சொன்னேன், என் பாடம் இங்கிலாந்துவரை வேலை செய்கிறது என்று. சம்பளம் கேட்டு வாங்கச் சொன்னார்.

நவம்பர் 30

இன்று பாடம் பாதிதான் நடந்தது. அக்கா அடிக்கடி பேச்சை நிறுத்திவிடுகிறாள். நான் 'ஹலோ, ஹலோ' என்றால், எங்கேயோ தூரத்திலிருந்து திரும்பி வருகிற மாதிரி 'யெஸ், நர்ஸ்' என்கிறாள். "ஐ கேன் ஹார்ட்லி ஸ்டாண்ட்" என்றாள் ஒரு முறை. 'ஹார்ட்லி' சரியான இடத்தில். இரண்டு வாரத்துக்கு முன் இந்த வார்த்தையே அவளுக்குத் தெரியாது.

மணி அடித்த பிறகு கேட்டேன், அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று.

"நல்ல தூக்கம். நேத்து சாயங்காலத்துலருந்து நாற்காலியிலதான். எழுப்ப மனசு வரல. டீ வெச்சது அப்படியே இருக்கு. ஆனா மொகத்தப் பாக்கணுமே, எத்தன நாளா வெளிறிக் கெடந்த மொகம், இப்ப கன்னமெல்லாம் ரோஜாப்பூ."

"பாத்தியளா, ஒங்க கைராசி."

"சூடுல்லா ஒத்துக்கிடுது."

எங்கள் ஹெட் நர்ஸுக்கு அப்படி ஒரு கன்னம் வாய்த்தால் அவரும் கொஞ்சம் தூங்குவார், நாங்களும் பிழைப்போம் என்று சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கிளி இருந்த வரைக்கும் கீச்சுக் கீச்சென்று கேட்டுக்கொண்டிருக்கும்.

டிசம்பர் 1

எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன். கோபமாக ஒரு மெசேஜ் போட்டேன்: ஜோடி வராவிட்டால் என் நேரம்தானே வீண். அதைப் பார்த்ததற்கான நீலக்குறி விழவில்லை.

டிசம்பர் 2

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று பகல் டூட்டி, கேஷுவாலிட்டியில். காலையிலேயே ஒரு இஸ்திரிக்காரரையும் மனைவியையும் கொண்டுவந்தார்கள். மழைக்காக இஸ்திரி வண்டியை வீட்டுக்குள் தள்ளி, கரி அணையாத பெட்டியோடு கதவைச் சாத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அவர் வரும்போதே உயிர் இல்லை. முகத்தைத் துடைத்தது நான்தான். நல்ல கறுப்பான மனிதர். உதடும் நகமும் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. "தூங்குத மாதிரில்லா இருக்கு" என்று கூட வந்த ஒருவர் சொன்னார். கரிப்புகை, மூடிய அறை, ரத்தத்தில் விஷவாயு ஏறிவிட்டது என்று டாக்டர் எழுதினார்.

மனைவி பிழைத்துவிட்டாள். மூக்கில் ஆக்சிஜனோடு, மதியத்துக்குமேல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்தே தல லேசா கனமாத்தான் இருந்திச்சு, சிஸ்டர். வெளிய போயி தண்ணி எடுத்துட்டு வந்தா சரியாப் போச்சு. உள்ள வந்தா மறுபடியும். தூக்கமாத் தூக்கம்."

வெளியே போனால் சரியாகிவிட்டது. கடைக்குப் போனால் கம்ப்ளீட்லி சரியாகிவிட்டது.

காற்று வர வைத்த ஓட்டையில் திணித்த அந்தச் சேலை. கிளி. கண்ணாடியில் வழிந்த தண்ணீர். காற்றுப் போதாமல் மஞ்சளாக எரிந்த நெருப்பு. விஷவாயு வந்தால் கத்துவதற்கென்றே வைத்த, இப்போது மாவு டப்பாவுக்குள் கிடக்கும் அந்த வெள்ளை டப்பா. ரோஜாப்பூ. எல்லாவற்றையும் என்னிடம் தமிழில் சொல்லியிருந்தாள், நான் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். நோயை இங்கிலீஷில் சொன்னாள், நான் நடிப்பு என்று மார்க் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நர்ஸுக்கு மூன்று வாரம் போதவில்லை.

காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸிங் அறைக்குள் ஓடி போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது தடவையோ, எடுத்தாள்.

"அக்கா! பிலோ அக்கா! எங்க இருக்கிய? ஹால்லயா?"

நீண்ட மூச்சு. பிறகு, மரியாதையாக, மெல்லிய குரலில், "குட் மார்னிங், நர்ஸ்."

"அக்கா, நா ஹெப்சி. கதவத் தொறங்க! அந்தச் சேலைய ஓட்டையிலருந்து உருவுங்க! வெளிய போங்க!"

"நோ தமிழ், நர்ஸ். ப்ளீஸ்."

"பாடம் இல்ல அக்கா! நெசமாச் சொல்லுதேன்! செத்துப் போவிய!"

"யூ ஆர் எ பிட் லவுட், நர்ஸ்." இப்படி ஒரு சுத்தமான இங்கிலீஷை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. "ஐ ஆம் ஃபைன். ஜஸ்ட் எ லிட்டில் ஸ்லீப்பி. மிஸஸ் ஹாலம் இஸ் ஆல்ஸோ எ லிட்டில் ஸ்லீப்பி."

கத்தினேன், கெட்ட வார்த்தையில் திட்டினேன், அழுதேன். எதற்கும் அசையவில்லை. நான் கத்தக் கத்த அவள் குரல் இன்னும் இதமாகிக்கொண்டே போனது. வேடம் கலையக் கூடாது என்று சாரோடு சேர்ந்து நானும்தானே சொல்லிவைத்தேன். அவள் தூங்கிப்போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மணி. பாடம் முடிகிற மணி இன்னும் அடிக்கவில்லை.

டம்ளர் இல்லை. மேசையில் பஞ்சு வைக்கிற எஃகுத் தட்டு, கிட்னி ட்ரே, இருந்தது. பஞ்சைத் தரையில் கொட்டிவிட்டு, ஃபோர்செப்ஸ் இடுக்கியை எடுத்து, போனுக்குப் பக்கத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏட்டி..." என்றது போன். அது வேறு குரல். பிலோ அக்காவின் சொந்தக் குரல். "ஏட்டி ஹெப்சி, தல வெடிக்குதுட்டி. உயிரு போவுது. என்னால முடியல. அந்த அம்மாவுக்குக் கை சில்லுனு இருக்குட்டி. ரெண்டு நாளா எழுப்புதேன், எழும்ப மாட்டேங்கு."

"முட்டி போட்டு நவுருங்க! வாசலுக்கு! சொல்லுதேன்லா, நவுருங்க!"

எதுவோ விழுந்தது. கதவுச் சங்கிலி கழன்றது. பிறகு காற்று. போனுக்குள் அடித்த அந்தக் காற்றைப்போல ஒரு நல்ல சத்தத்தை என் ஆயுசில் கேட்டதில்லை.

"கத்துங்க அக்கா! யாரையாவது கூப்புடுங்க! 'வெரி வெரி' போடுங்க, 'டூ மச்' போடுங்க, என்ன வேணா போடுங்க!"

கத்தினாள். "ஃபுல்லி டையிங்! வெரி வெரி டையிங்!" என்று அந்தக் குன்று முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. ஒரு ஆண்குரல் ஓடி வந்தது.

டிசம்பர் 6

பிலோ அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மாடி அறையின் மூடாத ஜன்னல்தான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. மிஸஸ் ஹாலமை அடக்கம் செய்யப் போகிறார்களாம். ஹீட்டரின் புகைக்குழாயும் அடைத்திருந்ததாம். அதைப் பல வருடமாக யாரும் பார்க்கவே இல்லையாம். அக்காவைக் குற்றம் சொல்லவில்லை என்று போலீஸ்காரி சொல்லிவிட்டுப் போனாளாம்.

"குளிரக் கூடாதேன்னுதான் ஹெப்சி திணிச்சேன்," என்றாள். "அந்தக் கையாலதான் தெனம் அதுக்குத் தல சீவி விடுவேன்."

அவள் சேலையைத் திணித்தாள். டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்தபோது அவள் பழையபடி கத்தியிருந்தால் அவர்கள் பயந்திருப்பார்கள், பயந்து ஓடி வந்திருப்பார்கள். அவள் வாயிலிருந்த 'வெரி'யை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டவள் நான். அதை அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

பிறகு, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எ லிட்டில்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். "நெறைய இருக்குட்டி," என்றாள்.

ஜனவரி 19

தேர்வு. வின்ஸ் பைக்கில் கொண்டுபோய் விட்டார். எதுவும் கிண்டல் செய்யவில்லை.

ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர். திரையில் இங்கிலாந்திலிருந்து ஒரு பெண், நடுவயது, கம்பளிச் சட்டை. அவள்தான் நோயாளியாக நடிப்பவள். பெயர் கேட்டாள், பயப்பட வேண்டாம் என்றாள். நோய் விவரம் எழுதிய அட்டையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினாள்.

"ஐ'வ் ஹேட் எ பிட் ஆஃப் எ ஹெடேக், நர்ஸ். நத்திங் மச்."

என் அட்டையில் மைக்ரேனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருந்தது. வெளிச்சம் தவிர்க்க வேண்டும், மாத்திரை, ஓய்வு. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

நான் கேட்டேன், வீட்டில் வேறு யாருக்காவது தலைவலி உண்டா என்று. வெளியே போனால் குறைகிறதா என்று. வீட்டில் கிளி, பூனை ஏதாவது உண்டா, அது நன்றாக இருக்கிறதா என்று. அவள் அட்டையில் தேடினாள், அதில் இல்லாததால் சும்மா ஏதோ சொன்னாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறையும் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு ஒரு நிம்மதி.

"மேடம்," என்றேன், "உங்கள் ஹீட்டரில் நெருப்பு என்ன நிறத்தில் எரிகிறது?" இங்கிலீஷில்தான் கேட்டேன், கொஞ்சம்கூடக் குறைக்காமல், உரக்க.

அந்தப் பெண் அட்டையைக் கீழே வைத்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது. நெற்றியின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டாள். பிறகு நாற்காலியில் திரும்பி, தனக்குப் பின்னால், திரையில் எனக்குத் தெரியாத ஒரு மூலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடிகிற மணி அடித்தது. அவள் திரும்பவில்லை.